வீட்டு மின்பழுது: நாமே பார்க்கும் வேலை எது, எலக்ட்ரீஷியனை அழைக்கும் வேளை எது

வீட்டு மின்சாரத்தில் எந்த வேலையை நாமே செய்துகொள்ளலாம் என்பதற்குச் சட்டமே ஓரளவு தெளிவாக எல்லை வகுத்திருக்கிறது. மத்திய மின்சார ஆணையம் 2010-ஆம் ஆண்டு வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகள், பல்பு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச், வீட்டு உபயோகச் சாதனங்கள் ஆகியவற்றை ஏற்கெனவே உள்ள அளவும் தன்மையும் மாறாமல் கழற்றி மாட்டுவதற்கு மட்டும் விலக்கு அளித்தன. மற்ற மின்பணிகளை எல்லாம், பழுது நீக்குவது உட்பட, மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரைக் கொண்டு, தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் நேரடி மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும் என்றன. அவற்றுக்குப் பதிலாக 2023-இல் வந்த ஒழுங்குமுறைகளும் இதே வழியில்தான் செல்கின்றன.

இந்த எல்லையில் நல்ல நியாயம் இருக்கிறது. கடையில் வாங்கி மாட்டும் பொருள் கெட்டால் அதை மாற்றுவதோடு காரியம் முடிந்துவிடும். சுவருக்குள் ஓடும் கம்பி, எர்த் (கசியும் மின்சாரத்தைப் பூமிக்குள் கொண்டுபோகும் கம்பி), நியூட்ரல் (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி), மெயின் போர்டு ஆகியவற்றில் பழுது வந்தால், அது வெளியே எவ்வளவு அற்பமாகத் தெரிந்தாலும், அளந்து பார்க்கும் கருவியும் அளந்ததைப் புரிந்துகொள்ளும் படிப்பும் உள்ளவர்தான் அதைத் தொட வேண்டும். ஆனால் பழுது எங்கே இருக்கிறது என்பது பார்த்தவுடன் தெரிவதில்லை. பல்பு எரியவில்லை என்ற ஒரே குறைக்குப் பல்பும் காரணமாக இருக்கலாம், கூரைக்கு மேல் தளர்ந்துபோன இணைப்பும் காரணமாக இருக்கலாம். அதனால் அறிகுறிகளைப் படிக்கக் கற்றுக்கொள்வதுதான் வீட்டில் இருப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை.

நாமே பார்க்கக்கூடியவை

பல்பு மாற்றுவது, டியூப்லைட்டின் ஸ்டார்ட்டரை மாற்றுவது, பிளக்கை மாற்றுவது, டிரிப் ஆன எம்.சி.பி.யை (மின்சாரம் அளவு மீறினால் தானே அணைந்து விழும் மெயின் போர்டுச் சுவிட்சை) ஒரு முறை தூக்கிவிட்டுப் பார்ப்பது, நம் வீட்டு ஃபியூஸ் கேரியரில் அதே அளவு ஃபியூஸ் கம்பியைக் கட்டுவது ஆகியவற்றை நிதானமுள்ள எவரும் செய்யலாம். மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கெப்பாசிட்டர் வலுவிழந்திருக்கும். அதையும் சுவிட்சையும் மாற்றச் சட்டம் தடுக்கவில்லை என்றாலும், போர்டைத் திறந்து முன்பின் பழக்கமில்லாதவர் அதைத் தொடங்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

இந்தச் சிறு வேலைகளிலும் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது, அதைப் பலர் யோசிப்பதில்லை. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயின் சுவிட்சை அணைத்தால், அது மின்வெட்டு என்று கருதி இன்வெர்ட்டர் உடனே வேலை செய்யத் தொடங்கிவிடும். விளக்குகளும் மின்விசிறிகளும்தான் பொதுவாக இன்வெர்ட்டர் லைனில் இருப்பவை, நாம் கை வைக்கப்போவதும் அவற்றில்தான். எனவே மெயினை அணைத்து, இன்வெர்ட்டரையும் அதன் பொத்தானில் அணைத்து, விளக்குகள் உண்மையிலேயே அணைந்தனவா என்று பார்த்த பின்னரே போர்டைத் திறக்க வேண்டும். டெஸ்டரை முதலில் மின்சாரம் இருப்பது உறுதியான ஓர் இடத்தில் வைத்து, அது ஒழுங்காக எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலை செய்யும் இடத்தில் வைக்க வேண்டும். ஏனெனில் கெட்டுப்போன டெஸ்டரும் எரியாது.

ஒரு முறை சரிசெய்தது மறுபடியும் போனால், அதோடு நம் வேலை முடிந்தது. மாதத்துக்கு ஒரு பல்பு ஒரே ஹோல்டரில் போவதும், புதிதாகக் கட்டிய ஃபியூஸ் உடனே எரிவதும், மாற்றிய சுவிட்ச் மீண்டும் கருகுவதும் அந்தப் பொருளின் குறையாக இருக்க வாய்ப்பில்லை. அவற்றுக்குப் பின்னால் உள்ள கம்பியில்தான் காரணம் இருக்கும்.

தொட்டால் சுருக்கென்றால்

எல்லா அறிகுறிகளிலும் மிகச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளப்படுவதும், உண்மையில் மிக மோசமானதும் இதுதான். கிரைண்டரில் மாவு அள்ளும்போது விரல் நுனியில் சுருக்கென்கிறது, குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடியை வெறுங்காலோடு தொட்டால் மயிர்க்கூச்செறிவது போல் இருக்கிறது, கீசர் போட்டிருக்கும்போது குழாயைத் திறந்தால் கை விர்ரென்கிறது. பல வீடுகளில் இதற்குத் தீர்வாக ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு மாவு அரைக்கிறார்கள், அல்லது சுவிட்சை அணைத்துவிட்டு மாவை அள்ளுகிறார்கள்.

அந்தச் சுருக்கென்ற உணர்வு ஒரு பழுதைச் சொல்லவில்லை, ஒரே நேரத்தில் இரண்டு பழுதுகளைச் சொல்கிறது. ஒன்று, சாதனத்துக்குள் மின்சாரம் கசிந்து உலோக உடலுக்கு வந்திருக்கிறது. இரண்டாவது, அப்படிக் கசிந்த மின்சாரத்தைப் பூமிக்குள் கொண்டுபோய்விட வேண்டிய எர்த் கம்பி தன் வேலையைச் செய்யவில்லை. எர்த் சரியாக இருந்திருந்தால் கசிவு அதன் வழியே போயிருக்கும், ஆர்.சி.சி.பி. (கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) பொருத்திய வீட்டில் அது உடனே விழுந்திருக்கும், நம் விரலுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. எனவே கிரைண்டரைக் கடையில் கொடுத்துச் சரிபார்த்துக்கொண்டு வந்தால் பாதிப் பழுதுதான் நீங்குகிறது. எர்த் இல்லாத அந்தப் பிளக் பாயின்ட் அடுத்த சாதனத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

எர்த் ஏன் இல்லாமல் போகிறது என்று பார்த்தால், சில நேரம் காரணம் பிளக்கிலேயே இருக்கும். மூன்று பின் பிளக்கின் தடித்த மேல் பின்தான் எர்த். பழைய இரண்டு துளை பாயின்ட்டில் மாட்டுவதற்காக அதை உடைத்தோ, இரண்டு பின் மாற்றியைச் செருகியோ பயன்படுத்தியிருப்பார்கள். அதை நாமே பார்த்துத் திருத்திவிடலாம். பிளக் சரியாக இருந்தும் சுருக்கென்றால், போர்டுக்குள் பச்சைக் கம்பி இணைக்கப்படாமலோ, எர்த் குழியில் குழாய் துருப்பிடித்தோ, கோடையில் மண் காய்ந்து மின்தடை கூடியோ இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க எர்த் டெஸ்டர் என்ற அளவீட்டுக் கருவி வேண்டும். பல்பின் ஒரு கம்பியை மின்சாரம் வரும் ஃபேஸிலும் மறு கம்பியை எர்த்திலும் வைத்துப் பார்க்கும் வழக்கத்தை வீட்டில் யாரும் செய்யக் கூடாது. எர்த் கெட்டுப்போயிருந்தால், அந்த நொடியில் வீட்டில் எர்த்தோடு இணைந்த எல்லாச் சாதனங்களின் உடலிலும் மின்சாரம் ஏறிவிடும்.

எர்த் குழி இல்லாத வீடுகளில் சிலர் பிளக் பாயின்ட்டுக்குள் நியூட்ரலிலிருந்து ஒரு சிறு கம்பியை எர்த் முனைக்கு இழுத்துவிடுகிறார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அப்படிச் செய்தால் சுருக்கென்ற உணர்வு நின்றுவிடும், வீட்டுக்காரரும் மகிழ்ந்துபோவார். ஆனால் என்றைக்காவது அந்த லைனில் நியூட்ரல் தளர்ந்துவிட்டால், 230 வோல்ட் முழுவதும் அந்தக் கம்பி வழியே கிரைண்டரின் உடலுக்கு வந்து நிற்கும். எர்த் பழுது என்று அழைத்தவர் குழியையோ மெயின் போர்டையோ பார்க்காமல் பாயின்ட்டை மட்டும் திறந்து ஐந்து நிமிடத்தில் முடித்தால், என்ன செய்தார் என்று கேட்டே ஆக வேண்டும்.

கீசரில் இந்த உணர்வு தெரிந்தால் குளிப்பதை அந்தக் கணமே நிறுத்திவிட்டு, ஈரக் கையால் எதையும் தொடாமல் வெளியே வந்து, குளியலறைச் சுவிட்சை விட்டுவிட்டு மெயின் போர்டில் அதற்குரிய எம்.சி.பி.யை அணைக்க வேண்டும். ஈரமான உடலின் மின்தடை மிகக் குறைவு, அங்கே லேசான ஷாக், பலமான ஷாக் என்ற வேறுபாடு கிடையாது.

யாரையாவது மின்சாரம் பிடித்துக்கொண்டால் அவரைத் தொட்டு இழுக்கக் கூடாது. மெயினை அணைக்க வேண்டும். அதற்கு வழியில்லை என்றால் உலர்ந்த பலகை மீதோ பிளாஸ்டிக் மீதோ நின்று, உலர்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ அவரைத் தள்ளி விலக்கிவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும். மூச்சு இல்லையென்றால் உதவி வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அவர் எழுந்து உட்கார்ந்து பேசினாலும் மருத்துவரிடம் காட்டுவது அவசியம், ஏனெனில் இதயத் துடிப்பில் ஏற்படும் கோளாறு வெளியே தெரியாது.

டிரிப் ஆகிக்கொண்டே இருந்தால்

மெயின் போர்டில் இரண்டு வகைக் காவல்கள் இருக்கின்றன. எம்.சி.பி. கம்பியைக் காப்பாற்றுகிறது: அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினாலோ ஷார்ட் சர்க்யூட் ஆனாலோ விழுகிறது. ஆர்.சி.சி.பி. மனிதரைக் காப்பாற்றுகிறது: ஃபேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருந்து, வீடுகளுக்கு ஏற்ற வகையில் 30 மில்லி ஆம்பியர் அளவுக்குள் வேறுபாடு வந்தவுடன் துண்டித்துவிடுகிறது.

எம்.சி.பி. விழுந்தால் முதலில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2,000 வாட் கீசர் சுமார் 9 ஆம்பியரும், 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு அதே அளவும், 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் 4 ஆம்பியருக்குச் சற்று மேலும் இழுக்கும். இவை மூன்றும் ஒரே 16 ஆம்பியர் லைனில் ஓடினால் எம்.சி.பி. விழுவதுதான் முறை. கீசரையோ அடுப்பையோ நிறுத்தினால் சரியாகிவிடும். எதுவும் ஓடாதபோது விழுந்தாலும், தூக்கிவிட்டவுடன் படாரென்று விழுந்தாலும் அது ஷார்ட். மறுபடி மறுபடி தூக்கிப் பார்க்காமல் அப்படியே விட்டுவிட்டு எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும்.

இதற்கு மாற்றாகப் பெரிய எம்.சி.பி. போட்டுக்கொள்ளச் சொல்பவரின் பேச்சைக் கேட்கக் கூடாது. சுவருக்குள் 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி இருக்கும்போது 16-ஐ எடுத்துவிட்டு 32 போட்டால், இனிமேல் அந்தக் கம்பியே ஃபியூஸாக எரிய வேண்டியதுதான். பழைய ஃபியூஸ் கேரியரில் செம்புக் கம்பியை மூன்று நான்கு இழையாக முறுக்கிக் கட்டுவதும் இதே தவறுதான்.

ஆர்.சி.சி.பி. விழுந்தால் காரணத்தை ஓரளவு நாமே தேடலாம். எல்லாப் பிளக்குகளையும் உருவிவிட வேண்டும். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது, ஏனெனில் சுவிட்ச் ஃபேஸை மட்டுமே துண்டிக்கிறது, நியூட்ரல் வழியாக உள்ள கசிவு அப்படியே இருக்கும். பிறகு எல்லா எம்.சி.பி.களையும் இறக்கிவிட்டு, ஆர்.சி.சி.பி.யைத் தூக்கி, எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக ஏற்றி, சாதனங்களை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தால், எதைச் செருகும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி. அந்தச் சாதனத்தை ஒதுக்கிவிட்டுப் பழுது பார்க்கக் கொடுக்கலாம். எல்லாவற்றையும் உருவிய பிறகும் விழுந்தால் கசிவு சுவருக்குள் இருக்கிறது, அது நம் கையில் இல்லை. எது வந்தாலும் சரி, தொந்தரவு தாங்காமல் ஆர்.சி.சி.பி.யை விலக்கி நேரடியாக இணைத்துக்கொள்வது மட்டும் கூடாது. அது விழுந்துகொண்டே இருக்கிறது என்றால், வீட்டில் ஒருவர் உடல் வழியாகப் போயிருக்கக்கூடிய மின்சாரத்தை அது தடுத்துக்கொண்டே இருக்கிறது என்று பொருள்.

மின்னணு மீட்டர் உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். பல மீட்டர்களில் ஈ.எல். என்று எழுதிய சிறு விளக்கு இருக்கும். ஃபேஸும் நியூட்ரலும் சமமாக இல்லாதபோது அது எரியும். வீட்டில் எல்லாச் சாதனங்களையும் உருவிவிட்டு, இன்வெர்ட்டரையும் நிறுத்திய பிறகும் மீட்டரின் துடிப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தால், எங்கோ மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு மாதக் கணக்கெடுப்பில் காரணமின்றி யூனிட் கூடியிருந்தால் இதைப் பார்ப்பது நல்லது.

சூடு, வாடை, சத்தம்

தளர்ந்த இணைப்பை எம்.சி.பி.யால் கண்டுபிடிக்க முடியாது. அங்கே ஓடுவது அளவான மின்சாரம்தான், ஆனால் திருகு தளர்ந்த இடத்தில் மின்தடை கூடிச் சூடு பிறக்கிறது. சூட்டில் திருகு இன்னும் தளர்கிறது, பிளாஸ்டிக் உருகுகிறது, ஒரு நாள் தீப்பிடிக்கிறது. அதுவரை காவல் கருவிகள் எதுவும் விழுவதில்லை. எனவே இங்கே நம் மூக்கும் காதும் புறங்கையும்தான் கருவிகள். போர்டு மேல்மூடியைப் புறங்கையால் தொட்டால் சுடுவது, துளையைச் சுற்றிப் பழுப்பு நிறம் படர்வது, பிளாஸ்டிக் கருகும் வாடை விட்டுவிட்டு வருவது, போர்டுக்குள் சர்ரென்ற சத்தம், மோட்டார் ஓடத் தொடங்கும்போது விளக்கு இமைப்பதோடு நில்லாமல் தொடர்ந்து துடிப்பது ஆகிய எதைக் கண்டாலும் அந்த லைனை அணைத்துவிட்டு அன்றைக்கே ஆளை அழைக்க வேண்டும். அலுமினியக் கம்பி போட்ட பழைய வீடுகளில் இது அதிகம் நேரும், குறிப்பாகப் பிற்காலத்தில் செம்புக் கம்பியை அதோடு முறுக்கிச் சேர்த்த இடங்களில்.

6 ஆம்பியர் பாயின்ட் தாங்குவது சுமார் 1,380 வாட் மட்டுமே. அதில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு இண்டக்‌ஷன் அடுப்பை ஓட்டினால் பிளக் கருகும். கீசருக்கும் ஏ.சி.க்கும் மெயின் போர்டிலிருந்து 2.5 அல்லது 4 சதுர மில்லிமீட்டர் கம்பி தனி லைனாக வர வேண்டும். புதுப் பாயின்ட் இழுப்பது முழுக்க உரிமம் பெற்றவரின் வேலை. போர்டில் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாமல் மெயினை அணைத்துவிட்டு வெளியேறி 101-ஐ அழைக்க வேண்டும்.

விளக்குகள் சொல்லும் சேதி

ஓர் அறையில் விளக்கு கண்ணைப் பறிக்கும்படி எரிய, அடுத்த அறையில் மங்கிப்போனால், மின்விசிறி திடீரென்று வேகமெடுத்தால், யோசிக்காமல் மெயினை அணைக்க வேண்டும். இது பெரும்பாலும் நியூட்ரல் கட். மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 300-ஐத் தாண்டியும் 400-ஐ நெருங்கியும் வரக்கூடும், சில நிமிடங்களில் தொலைக்காட்சியும் குளிர்சாதனப் பெட்டியும் போய்விடும். பக்கத்து வீட்டிலும் இப்படியே இருந்தால் பழுது தெருவில் இருக்கிறது, அதை ஈ.பி.க்காரர்கள்தான் சரிசெய்ய முடியும். பிளக் பாயின்ட்டின் இரண்டு துளைகளிலும் டெஸ்டர் எரிவதும் நியூட்ரல் எங்கோ துண்டித்திருப்பதன் அடையாளம்.

சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு மங்கலாக மினுமினுத்தால், சுவிட்சில் உள்ள குறிவிளக்கு காரணமாக இருக்கலாம், அதில் கெடுதல் இல்லை. குறிவிளக்கு இல்லாத சுவிட்ச் என்றால், வயரிங்கில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறி, சுவிட்ச் நியூட்ரலைத் துண்டிக்கும்படி அமைந்திருக்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். அப்படியிருந்தால் சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஹோல்டரில் மின்சாரம் உயிரோடு இருக்கும், பல்பு மாற்ற ஏணியில் ஏறியவர் அதைத் தொடுவார்.

மழைக்காலத்தில்

ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஊறி, சுவரைத் தொட்டாலே ஷாக் அடிப்பதுண்டு. ஈரம் காய்ந்ததும் ஷாக் நின்றுவிடுவதால் பழுதும் நீங்கிவிட்டது என்று நினைக்கிறோம். உள்ளே கம்பியின் மேலுறை கிழிந்திருப்பதை மழை காட்டிக்கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். இரும்புக் கம்பியைக் கொடியாகக் கட்டித் துணி உலர்த்துவதும், மின்கம்பத்திலோ அதன் இழுவைக் கம்பியிலோ கொடி கட்டுவதும் உயிருக்கு ஆபத்து. நைலான் கயிறு போதும்.

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் புகுந்தது போல் வெள்ளம் வீட்டுக்குள் வந்தால், தண்ணீர் பிளக் உயரத்தை எட்டுவதற்கு முன்பே மெயினை அணைத்துவிட வேண்டும். தண்ணீரில் நின்றுகொண்டு மெயினைத் தொடக் கூடாது. வெள்ளம் வடிந்த பின் வீடு காய்ந்துவிட்டது என்று நம்பி மின்சாரத்தைப் போடாமல், மெகர் கருவியால் 500 வோல்ட்டில் ஒவ்வொரு லைனின் இன்சுலேஷனையும் (கம்பி உறையின் மின்காப்பையும்) அளந்து, குறைந்தது ஒரு மெகா ஓம் காட்டிய பிறகே போட வேண்டும். நீரில் மூழ்கிய எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. ஆகியவற்றைக் காயவைத்துப் பயன்படுத்தக் கூடாது, மாற்றிவிட வேண்டும்.

யாரை அழைப்பது

கம்பத்திலிருந்து மீட்டர் வரை உள்ளவை மின்வாரியத்தின் பொறுப்பு. மீட்டரின் சீலை எலக்ட்ரீஷியனும் உடைக்கக் கூடாது. கம்பி அறுந்து விழுந்திருந்தாலும், மீட்டர் பெட்டியில் பொறி பறந்தாலும், சர்வீஸ் வயர் உரசினாலும் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணுக்குச் சொல்லிவிட்டு, விழுந்த கம்பியின் அருகே யாரும் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மீட்டருக்குப் பின் உள்ளவற்றுக்கு நாம்தான் ஆள் தேட வேண்டும். தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் மின்கம்பியாள் உதவியாளர், மின்கம்பியாளர், மேற்பார்வையாளர் எனத் தனித்தனியே தகுதிச் சான்றிதழ்களையும், ஒப்பந்தக்காரர்களுக்கு உரிமத்தையும் வழங்குகிறது. உதவியாளர் சான்றிதழ் மட்டும் உள்ளவர் தனியாக மெயின் போர்டு வேலையை எடுத்துச் செய்யக் கூடாது. “அண்ணே, உங்க சான்றிதழ் ஒரு தடவை பாத்துக்கலாமா?” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. முறையாகப் படித்தவர் பர்ஸிலோ கைப்பேசியிலோ அதை வைத்திருப்பார். மல்டிமீட்டரும் மெகரும் கொண்டு வருகிறாரா, டெஸ்டரை மட்டும் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வருகிறாரா என்பதையும் பார்க்கலாம்.

அழைக்கும்போது பழுது எப்போது, எதை ஓட்டும்போது, எந்த அறையில், மழையிலா வெயிலிலா வந்தது என்று சொன்னால் அவருடைய பாதி நேரம் மிச்சமாகும். வேலை முடிந்ததும் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை நம் எதிரில் அழுத்தி அது விழுவதைக் காட்டச் சொல்ல வேண்டும். அந்தப் பொத்தான் ஆர்.சி.சி.பி.யை மட்டுமே சோதிக்கும், எர்த்தைச் சோதிக்காது என்பதால் எர்த்தின் அளவைத் தனியே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்று போர்டில் எழுதி ஒட்டச் சொல்வதும், இன்வெர்ட்டர் லைன் எவை என்று அதில் தனியே குறிக்கச் சொல்வதும் அவசியம். அவசரத்தில் எதை அணைப்பது என்று வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அன்றைக்கே அந்தப் போர்டின் முன் நிறுத்திக் காட்டிவிடலாம்.